நெற்றிப் படம் கேட்டார்கள்

இரண்டு வருஷத்துக்கு முன் நடந்தது இது. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். அப்போது எனக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் ஒரே பரு. நெற்றியைத் தொட்டாலே எரியும். எதிரே ஆள் வந்தால் குனிந்துகொண்டே போவேன்.

போனில் ஒரு விளம்பரம் வந்தது. முகத்தைப் படம் எடுத்து அனுப்பி, கேள்விகளுக்குப் பதில் சொன்னால் நமக்கென்றே மருந்து கலந்து மாதாமாதம் அனுப்புவார்களாம். கொழும்பில் உட்கார்ந்துகொண்டு என் முகத்துக்கு மருந்து கலக்கிறார்களா? நம்பிக்கையே இல்லை. ஆனாலும் ஆசை யாரை விட்டது! மூன்று பக்கமும் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். ஏசி அறையில் வேலையா, தினமும் மேக்கப் போடுவீர்களா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். சிரிப்புதான் வந்தது.

அனுப்பிய பிறகுதான் பயம் பிடித்தது. தோட்டத்தின் பக்கத்து டிவிஷனில் ஒரு பெண்ணின் படத்தை யாரோ அசிங்கமாக மாற்றி பேஸ்புக்கில் போட்டு, அந்தப் பிள்ளை வேலைக்கே வராமல் வீட்டோடு கிடந்தது. என் படமும் அப்படிப் போனால் லயத்து வரிசை வீடுகளில் தலைகாட்ட முடியுமா?

எங்கள் லயத்து வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. அதனால் பார்சல் பஜார் கடைக்கு வந்தது. போத்தலில் என் பெயர் ஒட்டியிருந்தது. பெயர் ஒட்ட எவ்வளவு நேரமாகும்? அண்ணி முகர்ந்து பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் ஒரே சட்டியில கிண்டுறதுடி இது" என்றார்.

கன்னத்தில் குறைந்தது. நெற்றியில் இன்னும் மோசமானது. கோபத்தில் திட்டி மெசேஜ் போட்டேன். மறுநாள் ஒரு பெண் குரல் வந்தது, சிங்களம் கலந்த தமிழில்.

"நான் டொக்டர் பேசுறது, நங்கி. வேலைக்குப் போறது எப்படியோ, அப்படியே தலையோட ஒரு போட்டோ அனுப்புங்க."

நங்கியாம், தங்கச்சியாம்! வேலைக்குப் போகிற கோலத்தில் எதற்குப் படம்? குரல் பெண் குரலாக இருந்தால் ஆள் பெண்ணாகிவிடுமா?

"அனுப்பாத! இன்னிக்கு நெத்தியக் கேப்பாங்க, நாளைக்கு என்னத்தக் கேப்பாங்களோ!" என்று அண்ணி கத்தினார்.

பிளாக் பண்ணத்தான் போனேன். நெற்றி விண்விண்ணென்று தெறித்தது. கடைசியில் கொழுந்து பறிக்கும் மலையில் வைத்து அண்ணியையே எடுக்கச் சொன்னேன். கண், மூக்கு, வாய் எதுவும் தெரியக்கூடாது. முதுகுக் கூடையைத் தாங்க நெற்றியில் மாட்டும் கயிறு, அதற்கு அடியில் துணி, நெற்றி, அவ்வளவுதான். அனுப்பியதும் அதே குரல் மறுபடி அழைத்தது.

"நங்கி, கயிறு படுற இடத்துலதான் பரு வரிசையா இருக்கு. அந்தத் துணி எப்ப கழுவுறது?"

கழுவுவதா? மழையில் நனைந்த துணியை அடுப்புக்கு மேலே கொடியில் போட்டு, காலையில் அதையே மறுபடி கட்டுவோம். புகையில் காய்ந்தால் சுத்தம் என்று எங்கள் எல்லோருக்கும் நினைப்பு. தினமும் துவைத்த மெல்லிய பருத்தித் துணி வைக்கச் சொன்னார் அந்த டொக்டர். நெற்றிக்குக் கிறீமே வேண்டாமாம். கன்னத்துக்கும் இனித் தேவையில்லை என்று அடுத்த மாதப் பார்சலையும் நிறுத்திவிடுவதாகச் சொன்னார்.

"விக்கிறவளே வேணாங்கிறாளா? இதுல என்னமோ இருக்கு" என்றார் அண்ணி. எனக்கும் அதேதான். கொஞ்ச நாள் பேஸ்புக்கில் என் படத்தைத் தேடிக்கொண்டே இருந்தேன். படம் எங்கேயும் வரவில்லை. பார்சலும் வரவில்லை. நெற்றி மெல்ல ஆறியது. இப்போது அண்ணியும் துணியைத் தினமும் துவைக்கிறார்.

இன்றைக்கும் யாராவது போனில் படம் கேட்டால் நான் கொடுக்க மாட்டேன், அது வேறு விஷயம். ஆனால் கொழுந்து பறித்த அம்மா நெற்றியில், அண்ணி நெற்றியில், என் நெற்றியில் இத்தனை வருஷமாகக் கயிறு அழுத்திய இடத்தைப் பற்றி எங்களிடம் முதன்முதலாகக் கேட்ட ஆள், மோசடி என்று நான் நினைத்த அந்தக் குரல்தான்.