செண்டுப்பூவை உருட்டிய கை

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு கூடை செண்டுப்பூ தேயிலையாகிவிட்டது. நம்ப மாட்டீர்கள்... ஆனால் நடந்தது அதுதான்.

என் அக்கா சுமதி, நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் காய்கறிப் பாத்தி ஓரத்தில் செண்டுப்பூ வளர்க்கிறாள். மருந்து அடிப்பதில்லை. இதுவரை எல்லாம் கோயில் மாலைக்குத்தான் போனது. ஹட்டனில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமைக்கும் ராஜு அண்ணன்தான் கேட்டார்.

"தங்கச்சி, இதழ மட்டும் காய வச்சுத் தர முடியுமா? சோத்துல போட்டா மஞ்ச நெறம் வரும். சூப்புக்கும் கேக்குக்கும் தூவலாம். சனிக்கெழம சாம்பிள் கொண்டாங்க. நல்லா இருந்தா வாரா வாரம் எடுக்குறேன்."

செண்டுப்பூவைச் சாப்பிடுவதா? நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. முதுகு வலியோடு மறுபடியும் கொழுந்துக்கூடையைத் தூக்காமல் இருக்க அவளுக்குக் கிடைத்த ஒரே வழி அது.

வியாழக்கிழமை, இதழ்களைப் பிய்த்துச் சுளகில் வாடப் போட்டுவிட்டுத் தலவாக்கலை டவுனுக்குப் போனாள். வீட்டில் இருந்தவர் அப்பா. காலமெல்லாம் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்தவர். வாடிய இதழைக் கண்டால் அந்தக் கை சும்மா இருக்குமா? தேயிலைக் கொழுந்துக்குச் செய்வதுபோலவே உள்ளங்கையில் வைத்து நன்றாக உருட்டி, ஈரத்துணி போட்டு மூடி, நிறம் மாறும்வரை காவலும் இருந்திருக்கிறார்.

திரும்பி வந்த அக்கா துணியைத் தூக்கினாள். உள்ளே — பழுப்புச் சுருள்கள்!

"என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏம்மா, உருட்டாம எப்புடி வாசம் வரும்?"

"அது கொழுந்துக்குப்பா! இது சோத்துல போடுற பூ!"

"நெறம் நல்லாத்தான ஏறியிருக்கு..."

அக்கா ஒரு பிடியைச் சுடுதண்ணீரில் போட்டு நீட்டினாள். அப்பா ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது.

"கொஞ்சம் ஸ்ட்ரோங்குதான்" என்றார்.

செடியில் மிச்சம் கொஞ்சம் பூதான். வெளியே மூடுபனி. பச்சைக் காம்பு கலந்தால் கசக்கும் என்று இதழை மட்டும் உருவி, அடுப்புச் சூடு படும்படி, புகை படாதபடி உள்ளறையில் பரப்பினாள். அந்த அறைக்குள் அப்பாவுக்குத் தடை!

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். ராஜு அண்ணன் இதழைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடு கொஞ்சம் அரிசியை வேகவைத்தார். அக்கா மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். திறந்தார்... இளமஞ்சள் சோறு. ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

"லேசா ஒரு கசப்பு. அதுதான் ருசி. அடுத்த சனிக்கெழமையும் கொண்டாங்க தங்கச்சி."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அக்கா வாய் ஓயாமல் பேசினாள்.

ஒரு வேலை கையில் ஏறிவிட்டால் லேசில் இறங்காது போலிருக்கிறது. வாத்தியாரான பிறகு நான் கல்யாணப் பத்திரிகை படிக்கும்போதுகூடச் சிவப்புப் பேனாவைத் தேடுகிறேன். அப்பாவை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

இப்போது இதழ் உருவும் வேலை அப்பாவுக்குத்தான். அவருடைய உள்ளங்கைகள் ஒன்றையொன்று நெருங்கும்போதெல்லாம் அக்கா ஒருமுறை இருமுகிறாள்!