மணக்குது என்றொரு சொல்

இரண்டு குளிர்காலங்களுக்கு முன் வந்த காய்ச்சல், போகும்போது என் மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. காபி வெறும் சுடுநீரானது. அதையெல்லாம் சகித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பிறந்த மகளின் உச்சந்தலை வாசனை எனக்குத் தெரியாது என்பதைத்தான் தாங்க முடியவில்லை. "ஒரு தடவை மோந்து பாருங்களேன்" என்று மனைவி குழந்தையை நீட்டும்போதெல்லாம் குனிவேன். கதகதப்பு தெரியும். வேறொன்றும் தெரியாது.

இப்படிப்பட்டவன் முன் விஸ்கியை வைப்பது செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஆனாலும் ஞாயிறு மதியங்களில் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருக்கும் அண்ணை வீட்டுக்குப் போய்விடுவேன். அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், வீடுகளுக்கு டைல்ஸ் பதிப்பவர். கூடவே, மிசிசாகா அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் இருக்கும் மன்னார் நண்பர். இறக்குமதி வரிச் சண்டையில் இங்கே கடைகளிலிருந்து அமெரிக்கச் சரக்கு காணாமல் போனபின், எல்லை தாண்டிப் போய்வரும்போதெல்லாம் யாரும் கேள்விப்படாத சின்ன வடிசாலையில் காய்ச்சிய விஸ்கிப் போத்தல் ஒன்றை அவர்தான் வாங்கி வருவார்.

லேபிளில் வனிலா, கேரமல் என்று இருக்கும். அதை வாசித்து எனக்கு என்ன ஆகப்போகிறது? அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. அவர்கள் முகர்வார்கள், முகர்ந்ததை எனக்குத் தமிழில் சொல்வார்கள்.

"பாண் வெந்து வரேக்க பேக்கரிக் கதவைத் திறந்தா ஒரு வாசம் வருமே, உது அதுதான்," என்பார் அண்ணை.

"இல்லை அண்ணை. மழையில நனைஞ்ச பலகை. பிறகு கொஞ்சம் தோடம்பழத் தோல்," என்பார் நண்பர். ஆரஞ்சைத்தான் அப்படிச் சொல்வார்.

"உமக்கு எல்லாத்திலயும் தோடம்பழம்தான்."

நான் கண்ணை மூடிக்கொள்வேன். ஜன்னலுக்கு வெளியே பனி விழும். அவர்கள் சண்டை எங்கோ தூரத்தில் ஓடும் வானொலி மாதிரி கேட்கும். அரைத் தூக்கத்தில் அந்தப் பேக்கரிக்குள் போய்வந்துகொண்டிருப்பேன். அந்த வாரத்தில் எனக்குக் கிடைக்கும் வாசனை அவ்வளவுதான். எனக்கு அது பிடித்திருந்தது.

போன மாதம் கென்டக்கியில் வடித்த சோள விஸ்கி ஒன்று வந்தது. வழக்கம்போல் கண்ணை மூடி, கிளாஸை மூக்கருகே வைத்திருந்தேன். மூக்கின் அடியில் ஏதோ ஓடியது. கருகிய சர்க்கரை மாதிரி. பிடிப்பதற்குள் போய்விட்டது.

"மணக்குது," என்றேன், மெதுவாக.

அண்ணை பதறி எழுந்தார். "மணக்குதோ? கிளாஸ் வடிவாக் கழுவுப்படேல்லப் போல. பொறும் தம்பி." என் கையிலிருந்து பிடுங்கி, சமையலறைத் தொட்டியில் அவ்வளவையும் கொட்டி, சோப்புப் போட்டுத் தேய்க்கத் தொடங்கினார்.

நண்பர்தான் முதலில் விளங்கிக்கொண்டார். "அண்ணை, விடுங்கோ. இவையின்ர ஊரில நல்ல வாசத்தைத்தான் மணக்குது எண்டுறது. நாங்கள்தான் நாத்தத்துக்குச் சொல்லுறம்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணை நுரைக் கையோடு நின்றார். பிறகு அந்தக் கிளாஸிலேயே மறுபடி ஊற்றித் தந்தார். முகர்ந்தேன். சர்க்கரை இல்லை, பேக்கரி இல்லை. எலுமிச்சை மட்டும் இருந்தது. மலிவான, சோப்பு எலுமிச்சை.

"அண்ணை, சோப்பு மணக்குது."

"ஓம்," என்றார் அவர். "வடிவா அலசேல்ல." கண்ணைத் துடைக்கப் போய், கையிலிருந்த சோப்பை அதில் அப்பிக்கொண்டார்.

லாரன்ஸ் சாலை பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தேன். அது எலுமிச்சையோடு நின்றுவிட்டால்? பல் துலக்கினேன், முகம் கழுவினேன், தொட்டில் பக்கம் போகாமல் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். மனைவியே மகளைத் தூக்கி வந்து நீட்டினாள். குனிந்தேன்.

லேசாக, பால் ஆறும்போது வருவது மாதிரி.

"மணக்குது," என்றேன்.

அவளும் மதுரைக்காரி. குழந்தையைக் கழுவ எடுத்துக்கொண்டு ஓடவில்லை.