யாராவது சிஸ்டர்

ஆட்சி மாறிய அந்த மே மாதம், கொரோனாவின் இரண்டாவது அலையில், காவிரி டெல்டாவின் சிறுநகர மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்த நர்ஸாக இருந்தாள் அம்சவல்லி. அவள் அப்பா நல்லக்கண்ணு நன்னிலம் பக்கத்துப் பண்ணை வயல்களில் கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்தவர். அந்தச் சண்டைக்கு நடுவிலும் நாற்றுப் பறிப்பது யார், நடுவது யார் என்பதில் குழப்பம் வந்ததில்லை. மகளின் வார்டில் அந்தக் குழப்பம் மட்டும்தான் இருந்தது.

ஊசி போடுவது, தரை துடைப்பது, பிணத்தைப் பொதிவது, உறவினர்களின் போனுக்குப் பதில் சொல்வது எல்லாவற்றுக்கும் டாக்டர் மருதையனிடம் ஒரே உத்தரவுதான்: "யாராவது பாத்துக்குங்க."

அவர் தலை மறைந்ததும் தையல்நாயகி சிஸ்டர் கேட்பாள்: "யாராவது சிஸ்டர் இன்னிக்கு டியூட்டிக்கு வந்தாச்சாடி?"

"வந்துட்டா. லீவே போடாதவ."

சிரிப்பு முகக்கவசத்துக்குள்ளேயே புழுங்கி அடங்கும்.

பிறகு நோயாளிகளும் அந்த 'யாராவது சிஸ்டரை'ப் பார்க்கத் தொடங்கினார்கள். "இப்பதான் ஒரு சிஸ்டர் தண்ணி குடுத்துட்டுப் போனாங்க" என்பார்கள். கேட்டால், போனதாக யாருக்கும் நினைவிருக்காது. எல்லோருக்கும் ஒரே வெள்ளை உறை, கண்ணாடிக்குள் ஒரே ஆவி. தன் கைகள் வேலை செய்வதை அம்சவல்லி தூரத்திலிருந்து பார்ப்பதுபோல் பார்த்தாள். அது வசதியாகவும் இருந்தது. செத்தவர்களின் கண்களை மூடியதும் அந்தக் கைகள்தானே, அவளில்லையே.

ஒரு நண்பகலில் வார்டு போன் அடித்தது.

"சிஸ்டர், நாகப்பட்டினத்துலேருந்து பேசுறேன். அவரு சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரும்மா. தூங்குறாரு." வாய் தானாகச் சொன்னது.

"காலையிலயும் இதையேதான் சொன்னீங்க. நேத்தும் இதேதான். இதே குரல். ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்களேன். உசிரோட இருக்காரா, அது போதும்."

காலையில் போனை எடுத்த ஞாபகமே அம்சவல்லிக்கு இல்லை. "பேரு சொல்லுங்க."

"கட்டுனவரு பேரை எப்படிம்மா சொல்றது? ஜன்னலோரக் கட்டில்."

ஜன்னலோரக் கட்டிலில் புது விரிப்பு, சுருக்கமில்லாமல்.

"தையலு, இங்க இருந்தவரு எங்கடி?"

"யாராவது மாத்தியிருப்பா..." தையல்நாயகி பாதியில் நிறுத்தினாள். இருவரும் பிணவறைப் பக்கம் பார்த்தார்கள்.

அம்சவல்லி மறுபடி ரிசீவரை எடுத்தாள். "உங்க பேரு என்னம்மா?"

"நீலாயதாட்சி. எங்க ஊரு அம்மன் பேரு. அவருக்கு அந்த அம்மனோட வீட்டுக்காரரு பேரு."

"காயாரோகணம்?"

"அவருதான்! கடலுக்குப் போனவரு திரும்பலேன்னா கரையில நின்னு அழுதிருக்கேன், பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. நீ கூப்பிடு தாயி. நான் வைக்காம இருக்கேன்."

வார்டு முழுக்கக் கூப்பிட்டாள். பதில் இல்லை. பிணவறைக் காவலாளி ஐயாவு அப்படியொரு பெயரே வரவில்லை என்றார். மிச்சம் பூட்டிப் போட்ட பழைய பிரசவ வார்டு. குழாயில் ஆக்சிஜன் குறைந்தால் ஆளைச் சிலிண்டரோடு அங்கே தள்ளிவைப்பது உண்டு.

உச்சி வெயிலிலும் அந்தத் தாழ்வாரம் இருட்டாக இருந்தது. பூட்டு திறந்திருக்க, கதவு சாத்தியிருந்தது. கதவுக்குப் பின்னால் மெல்லிய சீறல், விட்டுவிட்டு. தள்ளித் திறந்தாள். சிலிண்டர் மீட்டரின் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. தள்ளுகட்டிலில் உதடு வெடித்து ஒருவர் கிடந்தார்.

"காயாரோகணம்!"

கண் மெல்லத் திறந்தது. "ஏன் கத்துறே? இப்பதானே வந்தே. 'வந்துடுறேன்'னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டுப் போனியே."

"நானா?"

"இதே குரல்தான்."

அவள் கத்தியது கேட்டுத் தையல்நாயகி புதுச் சிலிண்டரை உருட்டி வந்தாள். முள் ஏறியது. அவர் மூச்சு சீரானதும் அம்சவல்லி ஓடிப்போய் ரிசீவரை எடுத்தாள். "உசிரோட இருக்காரும்மா. ஆனா சாப்பிடல. எப்ப சாப்பிட்டாருன்னு தெரியல. இப்பத்தான் ஊட்டப்போறேன்."

மறுமுனையில் அழுகை, நடுவே ஒரு திட்டு, மறுபடி அழுகை.

டியூட்டி முடிந்தும் அம்சவல்லி கஞ்சிக் கிண்ணத்தோடு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிடி, வண்டி போயிடும்" என்றாள் தையல்நாயகி. பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரை இங்க தள்ளிட்டு வந்தது யாரு?"

"தெரியல. நானாத்தான் இருக்கணும்னு தோணுது. அதான் எந்திரிச்சுப் போகப் பயமா இருக்கு."