விமானத்தில் குடிக்காத தண்ணீர்

எங்கள் பாலக்கோட்டுப் பக்கத்துப் பெண்கள் பயணம் என்றால் முதலில் செய்கிற காரியம் தண்ணீரை நிறுத்துவதுதான். பெட்டி கட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு. தருமபுரிக்குப் போய் ஒரு புடவை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும் என்றாலும் முந்தின நாள் சாயங்காலமே சொம்பைக் கவிழ்த்துவிடுவோம். காலையில் ஒரு வாய் காபி, அதுவும் தொண்டை நனைகிற அளவுக்கு. பஸ் நிலையத்துக் கழிப்பறைக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு தடவை போய்வந்தவள் எவளும் இதற்குக் காரணம் கேட்க மாட்டாள். ஒகேனக்கல்லுக்குச் சுற்றுலா போனபோதுகூட, கண்ணுக்கு எதிரே அத்தனை தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க, எங்கள் கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் வாய் வறண்டு நின்று மீன் வறுவல் தின்றோம். ஆண்களுக்கு இந்தக் கவலை கிடையாது. அவர்களுக்கு வழியெல்லாம் புளியமரம்.

இந்தப் பழக்கத்தோடுதான் நான் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினேன்.

என் மகளுக்கு அங்கே முதல் பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்று நாள் குறித்திருந்தார்கள். திடீரென்று அந்த நாளை முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். நானும் என் வீட்டுக்காரரும் போய் இறங்குகிற அன்றைக்கே சாயங்காலம் ஆபரேஷன். “ம்மா, உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் நான் உள்ள போவேன்” என்று போனில் அழுதாள். சின்ன வயதில் ஒரு ஊசிக்குக்கூட என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். டாக்டர் என் விமானத்துக்காகக் காத்திருக்க மாட்டார் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளை உள்ளே கொண்டுபோவதற்குள் நான் அவள் கண்ணில் பட்டுவிட வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அந்த அழுகைக்கு நடுவிலும் எங்களுக்குப் பாடம் நடத்தினாள். விமானத்துக்குள் காற்றில் ஈரமே இருக்காதாம். உடம்பும் தோலும் சேர்ந்து வறளுமாம். “தாகம் எடுக்கறதுக்கு முந்தியே தண்ணி குடிச்சிரணும். காபிய நம்பாத. நான் குடுத்தனுப்பின க்ரீம மூஞ்சிக்கும் கைக்கும் தடவிக்கங்க. உதட்டுக்கும் போடும்மா.” நான் எல்லாவற்றுக்கும் “சரி சாமி, சரி சாமி” என்றேன். மனதுக்குள், நடக்கிற கதையைப் பேசு என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷமாக நான் சொன்ன ஒரு வார்த்தையையும் காதில் வாங்காத மனுஷன். மகள் சொன்னால் மட்டும் வேதவாக்கு. விமானம் மேலே போய் பெல்ட் விளக்கு அணைந்ததோ இல்லையோ, க்ரீமைப் பிதுக்க ஆரம்பித்தார். முகம், கழுத்து, காது மடல், வழுக்கைத் தலை என்று பொங்கலுக்குச் சுவர் பூசுவதுபோல் பூசினார். தண்ணீர் வந்தால் தண்ணீர் குடித்தார், ஜூஸ் வந்தால் ஜூஸ் குடித்தார். பிறகு கழிப்பறைக்குப் போனார். வந்து உட்கார்ந்து மறுபடி பூசினார், மறுபடி குடித்தார், மறுபடி போனார். நான் ஜன்னலோரம், அவர் நடுவில், அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர். பாவம் அந்த மனிதர், கொஞ்ச நேரத்தில் இவர் செருமினாலே தூக்கத்தோடு எழுந்து நின்று வழிவிடப் பழகிவிட்டார்.

நான் குடிக்கவில்லை. பணிப்பெண் தட்டோடு வந்து சிரிப்பாள், நானும் சிரித்து வேண்டாம் என்று கையை ஆட்டுவேன். இரண்டு ஆண்பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்து, நான் எதற்குப் போகிறேன் என்று அத்தனை பேருக்கும் தெரிய அந்த நீளத்துக்கு நடந்துபோக என்னால் ஆகாது. போதாக்குறைக்கு, இவர் முதல் தடவை போய்வந்ததுமே என் காதோரம் குனிந்து, “உள்ள தண்ணி ஊத்தறதே இல்ல. பொத்தான அமுக்குனா இடி இடிச்ச மாதிரி எல்லாத்தையும் உறிஞ்சிக்குது. நீ போனா பொடவைய இறுக்கிப் புடிச்சிக்க” என்றார். அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா?

“ஏ, ஒரு வாய் குடி. பொண்ணு கேட்டா நான் என்னா பதில் சொல்றது?”

“குடிச்சான்னு சொல்லுங்க.”

“என்னையப் பொய் சொல்லச் சொல்றியா?”

“எங்கிட்ட சொல்ற பொய்யில ஒண்ணக் கொறச்சிக்கிட்டு அவகிட்ட சொல்லுங்க.”

அவர் கோபித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் க்ரீம் பூசிக்கொண்டார்.

விமானம் இறங்கியபோது என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. உதட்டில் ரத்தம் கசிந்தது. கைகள் முன்பே நல்ல கைகள் இல்லை. எங்கள் தோட்டத்துத் தக்காளிச் செடிக்குள் கைவிட்டுப் பறித்தால் கறுப்பாக ஒரு கறை விரல் ரேகைக்குள் இறங்கிவிடும். அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் கறையோடு தோலும் போயிருந்தது. மிச்சத்தை விமானத்துக் காற்று பார்த்துக்கொண்டது. இரண்டு உள்ளங்கைகளும் சித்திரை மாசத்து ஏரிபோல் வெடித்துக் கிடந்தன.

வெளியே விடுவதற்கு முன் விரல் ரேகை எடுக்கிற இடம் வந்தது. கூண்டுக்குள் ஒரு பெண் அதிகாரி. இவர் விரலை வைத்தார், பச்சை விளக்கு எரிந்தது. நான் வைத்தேன், சிவப்பு. அழுத்தி வைத்தேன், சிவப்பு. மெஷின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார் அதிகாரி. அப்போதும் சிவப்புதான். நான் பத்து விரலோடு பிறக்கவே இல்லை என்று அந்த மெஷின் சாதித்தது.

அதிகாரி ஏதோ சொன்னார். இவர் என் பக்கம் திரும்பி, “கை காஞ்சு போயி ரேகையே தெரியலையாம். தண்ணியக் கிண்ணியக் குடிச்சு, கைய நனச்சுக்கிட்டு வரியான்னு கேக்கறாங்க. இல்லன்னா தனி ரூம்ல உக்காத்தி வெச்சி விசாரிப்பாங்களாம்” என்றார்.

தனி ரூமா? அங்கே போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யார் கண்டது? தண்ணீர்க் குழாயோ, வரிசையின் கடைசிக்கும் அப்பால் இருந்தது. எங்களுக்குப் பின்னால் ஒரு திருவிழாக் கூட்டம் நின்றது. என் மகள் அந்நேரம் கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

“அந்தக் க்ரீம எடுங்க” என்றேன்.

எடுத்தார். பிதுக்கினார். சுருட்டிப் பிதுக்கினார். உள்ளிருந்து காற்றுதான் வந்தது.

“தீந்துபோச்சு” என்றார்.

“ஒரு ஊருக்கே பூசற க்ரீம ஒரே மண்டையில பூசிட்டீங்களே! எம் பொண்ண உள்ள கொண்டு போயிருவாங்க. நான் அவ மூஞ்சியப் பாக்க வேணாமா?” என்று அந்த இடத்திலேயே அழ ஆரம்பித்தேன். அழுகை வந்தது, கண்ணீர் வரவில்லை. அதற்கும் உடம்பில் ஈரம் இருக்க வேண்டுமே.

இவர் சட்டென்று என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்தார். எங்கள் பக்கம் புருஷன் நாலு பேர் பார்க்கப் பெண்டாட்டி கையைப் பிடிப்பது கல்யாணத்தன்று ஒரு தடவைதான். அந்த மனுஷன், அத்தனை நாட்டுக்காரர்கள் பார்க்க, என் விரல் ஒவ்வொன்றையும் தன் கன்னத்தில், நெற்றியில், காது மடலில், கடைசியாக வழுக்கைத் தலையில் வழித்து வழித்து எடுத்தார். நான் வெட்கத்தில் செத்தேன். ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு மெஷினைக் காட்டினார். விரலை வைத்தேன். பச்சை! அவர் என்னிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அது என்னவென்று இவர் இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

வெளியே மருமகன் காரோடு நின்றார். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். மகளுக்குத் தலையில் உறை மாட்டி, சக்கரக் கட்டிலில் தயாராகப் படுக்கவைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் கையை நீட்டி அழுதாள். நானும் அழுதேன். அப்புறம் அவள் என் உதட்டைப் பார்த்தாள்.

“ம்மா, நீ தண்ணியே குடிக்கல, இல்ல?”

நான் இவரைப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்தார்.

அப்போதுதான் அவள் உதட்டையும் கவனித்தேன். அதுவும் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. ஆபரேஷன் என்பதால் அவளுக்கும் தண்ணீர் கொடுப்பதில்லையாம். “நாக்கு ஒட்டிக்கிதும்மா. ஒரு வாய் கேட்டாலும் தர மாட்டேங்கறாங்க” என்றாள். பிறகு பக்கத்து மேஜையில் மருமகன் வைத்திருந்த பாட்டிலைக் காட்டினாள். “நீயாச்சும் குடி. நான் பாக்கறேன்.”

தாகத்தில் கிடக்கிற பிள்ளைக்கு எதிரே எந்தத் தாய் தண்ணீர் குடிப்பாள்? முடியாது என்றேன்.

“குடிம்மா. வந்து கூப்புட்டுருவாங்க.”

குடித்தேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். நான் விழுங்க விழுங்க அவளுடைய வெறுந்தொண்டையும் ஏறி இறங்கியது. பாட்டில் காலியாகும்வரை அவள் என் கழுத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, “போதும்மா, இப்ப போறேன்” என்று சொல்லிவிட்டு, என் கையை விட்டுவிட்டு உள்ளே போனாள்.