ஆசைக்கு நாலு, அளவுக்கு நாலு, பயத்துக்கு நாலு

ரஞ்சிதம் டீச்சர் இறந்த செய்தி வந்தபோது நான் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தங்கா பத்துவிலிருந்து அவருடைய தம்பி அழைத்தார். "அக்கா காலையில போயிட்டாங்க சார்" என்றார். சிறுநீரகம் கெட்டு, கொஞ்ச காலமாகவே டீச்சர் வீட்டுக்கும் மருத்துவமனைக்குமாக அலைந்துகொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. பல்கலைக்கழக விண்ணப்பங்கள் தொடங்கப் போகின்றனவே, தனியாக எப்படிச் சமாளிப்பது என்ற அலுப்புதான் முதலில் வந்தது. டீச்சரை அறிந்தவர்கள் இதற்காக என்னைக் கோபிக்க மாட்டார்கள். அவரும் கோபித்திருக்க மாட்டார்.

சிம்பாங் அம்பாட் பள்ளியில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்துக்கு அவர் கணிதம், நான் பொருளியல். பரீட்சை முடிவு வந்ததும், சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் ஆளுக்கொரு மடிக்கணினியுடன் உட்காருவோம். பிள்ளைகள் பெற்றோருடன் வருவார்கள். இணைய விண்ணப்பத்தில் பன்னிரண்டு படிப்புகளை வரிசைப்படுத்த வேண்டும். நம்மவர்கள் அந்த வரிசையை எப்படிப் போடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன! மேலே மருத்துவம், பல் மருத்துவம், சட்டம். கீழே வாய்க்கு வந்தது. மேலே உள்ளது கிடைக்காது, வாய்க்கு வந்தது கிடைக்கும். பிள்ளை போக மாட்டேன் என்று அழும்.

டீச்சரின் கணக்கு வேறு. "ஆசைக்கு நாலு, அளவுக்கு நாலு, பயத்துக்கு நாலு. ஆனா பயத்துக்குப் போடுற எடமும் நீ போகச் சம்மதிக்கிற எடமா இருக்கணும். போகமாட்டேன்னா எதுக்கு அதைப் போட்டு வைக்கிற?" என்பார். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, "கெடைச்சா போவியா?" என்று பிள்ளையைத்தான் கேட்பார். அப்பா பதில் சொன்னால் காதில் வாங்கமாட்டார்.

ஒரு வருடம் கடைசி நாள் மாலைதான் நல்ல நேரம் என்று பல குடும்பங்கள் காத்திருந்தன. இராகு காலம் கழிந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் அனுப்பப் பார்த்தார்கள். அவர்கள் மட்டுமா, நாடே அனுப்பிக்கொண்டிருந்தது. பக்கம் திறக்கவே இல்லை. ஒரு பையனுக்கு ஒரு வருடம் வீணானது. மறு வருடம் டீச்சர் கோயில் ஐயரிடம் போனார். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற யாழ்ப்பாணத்து வம்சத்து அம்மாள், எங்கள் பிள்ளையார் சந்நிதிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "ஐயரே, நல்ல நேரத்தைக் கொஞ்சம் முன்னாடியே பார்த்துக் குடுங்கலா" என்று கேட்டார். ஐயரும் சிரித்துக்கொண்டே முதல் வாரத்தில் ஒரு நாள் குறித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு யாரும் தவறவிடவில்லை.

துர்கா வந்த வருடத்தை என்னால் மறக்க முடியாது. நியாலாஸ் பக்கத்துப் பெண், எங்கள் ஊரில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தவள். அப்பா மாரிமுத்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். ஆலை வாசலில் லோரிகள் மணிக்கணக்கில் காத்துக் கிடப்பதைப் பார்த்து, எந்த இடைவெளியில் வந்தால் வரிசை குறையும் என்று அவளே கணக்குப் போட்டிருந்தாள். பயன்பாட்டுக் கணிதம் படிக்க வேண்டும் என்றாள். மாரிமுத்து நொந்துபோனார். "லைன்ல நிக்கிறதைப் படிக்க யுனிவர்சிட்டி போகணுமா டீச்சர்? சரி, படிச்சு முடிச்சா என்னவா வருவா?"

"வேலை கெடைக்கும் அண்ணே. பேருக்கு முன்னால போட்டுக்க ஒண்ணும் கெடைக்காது."

வேறு யாராக இருந்தாலும் பூசி மெழுகியிருப்பார்கள். மாரிமுத்து, மனசுக்காக முதல் வரியில் மட்டும் மருத்துவம் போடலாமா என்று கெஞ்சினார். டீச்சர் முடியாது என்றுவிட்டார். நானாக இருந்தால் போட்டுத் தொலைத்திருப்பேன்.

பட்டியல் போட ஒரு பகல் முழுக்கப் போனது. ஒரே பெயரில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒவ்வொரு படிப்பு. "பேரைப் பார்க்காத. மூணாவது வருசம் என்ன சொல்லித் தர்றாங்கன்னு பாரு" என்று துர்காவையே பாடத்திட்டங்களைத் தேடி வாசிக்கச் சொன்னார். புகழ்பெற்ற இடங்கள் ஆசைக்கு, புள்ளியியலும் நிதிக் கணிதமும் கலந்தவை அளவுக்கு. பயத்துக்கான வரிகளில் கடல் தாண்டியிருக்கும் சபா பல்கலைக்கழகம் வந்தது. "கெடைச்சா போவியா?" துர்கா அப்பாவைப் பார்த்தாள். பிறகு, "போவேன் டீச்சர்" என்றாள்.

சபாதான் கிடைத்தது.

மாரிமுத்து பள்ளிக்கே வந்து கத்தினார். "கடல் தாண்டி அனுப்பிட்டீங்களே! தனியா இருக்கிற பொண்ணு காய்ச்சல்னு படுத்தா யாரு பார்ப்பா?" என்றார். நடைபாதையில் மாணவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். டீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை. மாரிமுத்து போனதும் எனக்குத்தான் பொறுக்கவில்லை. நீங்கள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்று சீறினேன்.

"திட்டட்டும் சார். மகளைத் திட்ட மனசு வராது, கவர்மெண்டைத் திட்ட முடியாது. யாரையாச்சும் திட்டினாத்தானே அந்த மனுசன் அழாம ஏர்போர்ட்டுக்குப் போவாரு."

அன்று டீச்சரின் முகம் வெளிறியிருந்தது. நோய் அப்போதே தொடங்கியிருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை.

தங்கா பத்துவில் டீச்சரின் வீட்டில் சவப்பெட்டியை மூடுவதற்கு முன் மாரிமுத்து வந்து சேர்ந்தார். வேலைச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். துர்காவுக்குக் கடைசி ஆண்டு நடக்கிறதாம், நன்றாகத்தான் படிக்கிறாளாம், என்ன படிக்கிறாள் என்று இன்னும் புரியவில்லையாம். டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர் என் பக்கம் திரும்பினார்.

"சின்னவளும் பரீட்சை எழுதிட்டா சார். அவளுக்கும் எங்கயாச்சும் தூரமாத்தான் கெடைக்கும். இனிமே நான் யார்கிட்ட வந்து சண்டை போடுறது?"

சொல்லிவிட்டு விம்மினார். மண்டபத்து வேலையை இந்த வருடமே விட்டுவிடலாம் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்த நான், "எங்கிட்ட வாங்கண்ணே" என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு களைத்திருக்கிறேன் என்று தெரிந்தது.

டீச்சரின் கணிதம் எனக்கு வராது. பொறுமையும் கிடையாது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்புகிறவர்கள் கத்தித் தீர்த்துவிட்டுப் போக, ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டிய அந்த இடம்தான். சனிக்கிழமை போய் உட்காருவேன்.