நூறு பைக்கு மூன்று கொசுறு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாவது காபியோடு செம்பூர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். செல்வம் வந்தார். கூடவே அவர் மனைவி பேச்சியம்மாள். இரண்டு பேரும் வக்கீலைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள்.

செல்வம் தோல் பை தைப்பவர். தாராவி தொண்ணூறடி ரோட்டுக்கு உள்ளே ஒரு மாடியில் முப்பது வருடமாகப் பட்டறை. என் தோளில் தொங்கும் பை அவர் கைவேலைதான். இப்போது அந்தக் கட்டிடத்தைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. தீபாவளிக்குள் பிழைக்க வேறு இடம் பார்த்தாக வேண்டும்.

"சார், ரெண்டு நாட்டுலேர்ந்து கூப்பிடுதாக. ஜப்பானா, கென்யாவா? நீங்க ரெண்டையும் பாத்தவுக. எதுன்னு சொல்லுங்க."

பார்த்தவன்தான். ஆபீஸ் செலவில் இரண்டுக்கும் போய்விட்டு வந்து, ஏதோ நானே கண்டுபிடித்த நாடுகள் மாதிரி இதே பக்கத்தில் எழுதியும் இருக்கிறேன். எழுதுகிற ஆளிடம் யோசனை கேட்டால் சும்மா இருப்பேனா? ஒரு பேப்பரை எடுத்து நடுவில் கோடு போட்டேன். ஜப்பான் – சுத்தம், பாதுகாப்பு, ரயில் சொன்ன நேரத்துக்கு வரும். கென்யா – இங்கிலீஷ் செல்லும், சப்பாத்தி கிடைக்கும், கடற்கரையில் நம்ம ஊர் வேர்வை...

செல்வம் எட்டிப் பார்த்தார். "இது கூகுள்லயே இருக்கு சார்."

பேப்பரை மடித்து வைத்தேன்.

இரண்டு ஊரிலும் அவரிடம் பை வாங்குகிறவர்கள் உண்டு. ஒசாகாவில் ஒரு கடை, மொம்பாசாவில் ஒரு கடை. இருவரும் கூப்பிட்டு, போன மாதம்தான் பத்துப் பத்து நாள் போய்விட்டு வந்திருக்கிறார். ஒசாகாக்காரர்கள் தங்கள் பட்டறையில் இரண்டு வருடம் வேலை செய்யச் சொல்கிறார்கள், மனைவியும் கூட வரலாம். மொம்பாசாக்காரர் கூட்டாகப் பட்டறை போடலாம் என்கிறார்.

"சரி, ஊர் எப்படி?" என்றேன்.

"ஒசாகாவுல ட்ரெயின்ல போனேன் சார். ரெண்டு ஸ்டேஷனுக்கு முன்னாடியே எந்திரிச்சி டோர் பக்கம் போயிட்டேன். முன்னால ஒரு பெரியவர் நின்னாரு. தோள்ல தட்டி, 'நெக்ஸ்ட் ஸ்டேஷன்?'னு கேட்டேன். நாம கேப்போம்லா?"

கேட்போம். மும்பை லோக்கலில் அது சம்பிரதாயம். முன்னால் நிற்பவர் இறங்குவாரா என்று விசாரித்து, இறங்காதவரைத் தாண்டி இடம் பிடிக்காவிட்டால், குர்லாவில் இறங்க வேண்டியவர் தாணேயில்தான் இறங்குவார்.

"அந்த மனுசர் என்னையப் பாத்தாரு. குனிஞ்சு ஒரு கும்பிடு போட்டாரு. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிட்டாரு சார்! நான் இறங்கச் சொல்லுதேன்னு நெனச்சிருக்காரு. வண்டி கெளம்பினப்புறம் பாக்கேன்... பிளாட்பாரத்துல அடுத்த வண்டிக்கு லைன்ல நிக்காரு."

பேச்சியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எத்தனையாவது தடவை கேட்கிறாரோ.

மொம்பாசாவில் ஷேர் வேன். ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். அங்கேயும் இவர் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். "வேன்ல இருந்த அத்தன பேரும் பதில் சொன்னாக சார். எங்க இறங்கணும், எந்தக் கடையில சாயா நல்லாருக்கும், எனக்கு எத்தன பிள்ளைக... பேச்சுல என் ஸ்டாப்பே போயிட்டு."

ஆக, ஒரு நாட்டில் கேட்டால் இறங்கிவிடுகிறார்கள். இன்னொரு நாட்டில் கேட்டால் இறங்கவே விடுவதில்லை. இதை எந்தப் பத்தியில் எழுதுவது?

விஷயம் ரயில் இல்லை. செல்வம் போனை எடுத்து ஒரு மெயிலைக் காட்டினார். அதற்கு முன்னால் கொசுறு பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கறிகாய்க்காரர் கறிவேப்பிலை போடுவது மாதிரி, செல்வம் பட்டறையில் ஒரு வழக்கம். நூறு பை ஆர்டர் என்றால் நூற்றி மூன்று போகும். மூன்று கொசுறு. ஏதாவது ஒன்றிரண்டு சரியில்லை என்றாலும் வாங்குகிறவர் முணுமுணுக்க மாட்டார். "அப்படிப் போட்டாத்தான் பிந்தாஸா இருக்கலாம் சார், டென்ஷன் கெடையாது" என்றார் செல்வம்.

கடைசி ஆர்டரில் இரண்டு ஊருக்கும் அப்படி நூற்றி மூன்றுதான் போனது. மொம்பாசாக்காரர் பெட்டியைப் பிரித்தார். கொசுறில் ஒன்றை டிரைவருக்குக் கொடுத்தார். ஒன்றை மச்சானுக்கு. மூன்றாவதை, போன மாதம் விருந்தாளியாக வந்த செல்வத்துக்கே கொடுத்துவிட்டார். "என் பையை எனக்கே அன்பளிப்பா குடுக்காரு சார், கட்டிப்பிடிச்சு!"

ஒசாகாவில் மூன்றையும் தனியாக ஒரு அலமாரியில் வைத்து, ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்களாம். மெயிலில் ஒரே கேள்வி: 'மூன்று பை அதிகமாக வந்திருக்கிறது. நூறில் எந்த மூன்று பற்றி உங்களுக்குச் சந்தேகம்?'

நேரில் போனபோதும் கேட்டிருக்கிறார்கள். இவர் "ஃப்ரீ... ஃப்ரீ" என்று சிரித்திருக்கிறார். அவர்கள் சிரிக்கவில்லை. வேலைக்குச் சேரும் முன் எழுத்தில் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை கடைசி நாள்.

"நீங்கதான் நல்லா இங்கிலீஷ்ல எழுதித் தரணும்."

இது என் ஏரியா. ஐந்தே நிமிடத்தில் எழுதினேன். 'சந்தேகம் ஏதுமில்லை. இது எங்கள் மண்ணின் மரபு. நல்லெண்ணத்தின் அடையாளம்...' கொஞ்சம் விட்டால் விருந்தோம்பல் வரை போயிருப்பேன். தமிழில் படித்துச் சொன்னேன். செல்வத்துக்கு ரொம்பத் திருப்தி.

"அப்படி எழுதாதீக."

பேச்சியம்மாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர். பட்டறையில் ஒவ்வொரு பையையும் கடைசியாகத் தடவிப் பார்த்துப் பெட்டியில் போடுகிறவர் அவர்தான்.

"மூணு பையில கைப்பிடி அடியில தோலு மெலிசு. நூலு ஒரே எடத்துல ரெண்டு தடவ ஓடித் தோல அறுத்திருக்கும். ஒரு வருசம் தாங்கும். ரெண்டாவது வருசம் தாங்காது. எனக்குத் தெரியும். அதான் மூணு கூடப் போட்டது."

"ஏட்டி, சும்மா இரு. இதச் சொன்னா அந்த வேல போயிரும்."

"போனாப் போவுது. முப்பது வருசத்துல யாராச்சும் இப்படிக் கேட்டிருக்காகளா? கேட்டவுகளுக்குப் பொய்யி எழுதச் சொல்லுதீக." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "சார், மொம்பாசாவுக்கும் அதே தோல்தான் போயிருக்கு. அதுலயும் மூணு உண்டு. அவரு கேக்கவே இல்ல. அவருக்கும் எழுதுங்க."

செல்வம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. இரண்டு கதவுதான் திறந்திருந்தது. இரண்டையும் மனைவி சாத்துகிறாள் என்றுதான் அவர் நினைத்திருப்பார். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். நல்லெண்ணத்தின் அடையாளத்தை அழிக்கும்போது எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

பேச்சியம்மாள் சொன்னதை அப்படியே எழுதினேன். நாலே வரி. இரண்டு ஊருக்கும் ஒரே கடிதம். செல்வம் கண்ணை மூடிக்கொண்டுதான் பட்டனை அமுக்கினார்.

திங்கட்கிழமை மதியமே மொம்பாசாவிலிருந்து போன் வந்ததாம். அவர் பேசுவதில் பாதி ஹிந்தி மாதிரியே இருக்கும் என்பார் செல்வம் – கடைக்கு 'டுகா', வண்டிக்கு 'காரி'. விஷயம் இதுதான்: "கைப்பிடியா? அதை எங்க தெரு செருப்பு தைக்கிறவர் பெட்டி பிரிச்ச மூணாம் நாளே சரிபண்ணிட்டாரே, பிரதர். நீ சங்கடப்படுவேன்னுதான் சொல்லலை."

சாயங்காலம் ஒசாகா மெயில். இரண்டே வரி. 'உங்கள் நேர்மையான பதிலுக்கு நன்றி, எப்போது வருகிறீர்கள்? நாங்கள் நான்கு கண்டுபிடித்திருந்தோம்.'

ஆக, தெரியாமல் இருந்தது யாருக்கு? ஒருவர் தெரிந்துகொண்டு கேட்டார். இன்னொருவர் தெரிந்துகொண்டு கேட்காமல் தைத்துக்கொண்டார். கொசுறைப் போட்டு மறைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தது தாராவி மட்டும்தான். இதில் எந்த நாடு உசத்தி என்று நடுவில் கோடு போட்டால் எனக்கு இன்றுவரை விடை வரவில்லை.

அவர்களுக்கு வந்துவிட்டது. புதன்கிழமை செல்வம் போன் செய்தார். ஒசாகாவாம். எனக்கு ஆச்சரியம் – மொம்பாசாவில்தானே அவர் மனசு இருந்தது?

"எனக்கு மொம்பாசாதான் சார். அவருகிட்டயும் சொல்லிட்டேன். 'ரெண்டு வருசம் கத்துக்கிட்டு வா, டுகா எங்கயும் ஓடிறாது'ன்னுட்டாரு. இவதான் ஒத்தக்கால்ல நிக்கா. ஞாயித்துக்கெழமையிலேர்ந்து மூணுதான், மூணுதான்னு சொல்லிட்டிருந்தவ, அந்த மெயிலு வந்ததுலேர்ந்து சோறு கூட ஒழுங்காத் திங்கல. நூறு பையையும் மனசுக்குள்ள ஒவ்வொண்ணாத் தடவிப் பாத்துட்டிருக்கா."

விசா ஃபார்மை நிரப்பித் தரச் சொல்லி நேற்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். செல்வத்துடையதில் சிக்கலில்லை. பேச்சியம்மாளுடையதில் 'பயணத்தின் நோக்கம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது...

'நாலாவது பை' என்று எழுதினால் ஒத்துக்கொள்வார்களா?