அடித்து வந்த கோலி

கோலி விஷயத்தில் மட்டும் நான் பொய் சொல்லமாட்டேன். வயதைக் கேட்டால் கொஞ்சம் குறைத்துச் சொல்வேன். சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்றால் இல்லவே இல்லை என்று சாதிப்பேன். ஆனால் ஒரு கண்ணாடிக் கோலியைக் கையில் கொடுத்து, 'இது பழசா?' என்று கேட்டால், எதிரே நிற்பது யாராக இருந்தாலும் உள்ளதைச் சொல்லிவிடுவேன். தேவனாம்பட்டினத்துக்காரர் ஒருவர், கடலோரத்தில் கிடைத்த பொக்கிஷம் என்று ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். "அண்ணே, இது மீன்தொட்டியில போடுறது" என்றேன். அன்றிலிருந்து என்னைக் கண்டால் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். போகட்டுமே!

கடலூரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. அதனால் ஒரு பூதக்கண்ணாடி எப்போதும் கைப்பையில் இருக்கும். கையால் செய்த பழைய கோலிக்கு மேலேயும் கீழேயும் சின்னதாக ஒரு சொரசொரப்பு இருக்கும். உருக்கிய கண்ணாடிக் கம்பியிலிருந்து வெட்டியெடுத்த இடம் அது. நான் அதைத் தொப்புள் என்பேன். மெஷினில் உருண்டு வந்ததற்குத் தொப்புள் கிடையாது. அடுத்து நான் பார்ப்பது காயம். கோலியும் கோலியும் மோதினால் மேல்தோலுக்குள் பிறை மாதிரி ஒரு கீறல் விழும். பிறகு அது போகவே போகாது. தொப்புள் இருந்து, பிறை இல்லாத கோலி கிடைப்பது குதிரைக்கொம்பு.

அந்தக் குதிரைக்கொம்பு சிதம்பரத்தில், என் பெண்ணைக் கொடுத்த வீட்டில் இருந்தது. சம்பந்தி, ரிட்டையர் ஆன டிரில் மாஸ்டர். விசிலே இல்லாமல் மைதானத்தை அடக்குகிற குரல். கல்யாணம் முடிந்து முதல் விருந்துக்குப் போனபோது, சாப்பிட்டுக் கைகழுவியதும் ஒரு மோதிரப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே சிவப்பும் வெள்ளையும் முறுக்கிக்கொண்டு, நடுவில் மஞ்சள் இழை ஓடுகிற ஒரு கோலி. மென்றுகொண்டிருந்த வெற்றிலை வாயில் அப்படியே நின்றுவிட்டது.

"ஏழாவது படிக்கறப்ப ஒருத்தன்கிட்ட அடிச்சு ஜெயிச்சது சம்பந்தி. தெருவுலயே பெரிய கை அவன். ஒரே அடி!"

"எனக்குக் குடுத்துடுங்களேன்" என்றேன் வெட்கமில்லாமல். என் பெண் பின்னாலிருந்து முதுகில் கிள்ளினாள்.

"கேட்டு வாங்கினதா இருந்தா, கேட்டதும் குடுத்துடலாம். இது அடிச்சு வந்தது. அடிச்சுதான் போவும். நீங்க வர்றப்பல்லாம் ஒரு அடி, சரியா?" என்று பெட்டியை மூடினார்.

என்ன மனுஷன்! அடிக்காவிட்டால் கோலி கிடைக்காது. அடித்தாலோ புதிதாக ஒரு பிறை விழுந்துவிடும். ஆனாலும் ஆசை விடவில்லை. மொட்டை மாடியில் மண்ணைக் கொட்டிப் பழக ஆரம்பித்தேன். சின்ன வயதில், பொட்டப்புள்ளைக்கு என்னா கோலி என்று என்னை வேடிக்கை பார்க்கத்தான் விட்டார்கள். இப்போது கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, நடுவிரலை வில்லாக வளைத்து விட்டால், கோலி கழிவுநீர்க் குழாய்ப் பக்கம் போனது. என் வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே, "சம்பந்தி வூட்டுக்கு ஜனங்க பலாப்பழம் எடுத்துட்டுப் போவாங்க. நீ கோலி எடுத்துட்டுப் போ, நல்லா இருக்கும்" என்றார்.

போகும்போதெல்லாம் தவறவிட்டேன். அவர் ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாகச் சிரித்தார். ஆனால் போன தை மாதம் விரல் நன்றாகப் பழகியிருந்தது. அவர் வீட்டுப் பின்பக்கத்து மண்ணில் குந்தியதுமே, இன்று பட்டுவிடும் என்று தெரிந்துபோயிற்று. மறுபடி காயமாக்குவதற்கு முன் ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிடலாமே என்று கோலியைக் கையில் கேட்டேன். அதுவரை பெட்டியில் வைத்துத்தான் காட்டியிருந்தார். பூதக்கண்ணாடியை வைத்து உருட்டிப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். என் வாய் சும்மா இருக்குமா?

"சம்பந்தி, இது ஒரு அடிகூட வாங்கினது இல்லியே!"

"அது... மெதுவாத்தான் அடிச்சேன்" என்றார்.

"மெதுவா அடிச்சாலும் பிறை விழும். அடிச்சு வந்ததே இல்ல இது."

அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். சம்பந்தியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் சம்பந்திக்குத் தாய்மாமன் மகள், சின்ன வயதில் ஒரே தெரு.

"அப்பாடா, ஒருத்தராவது கண்டுபுடிச்சீங்களே! அது என் கோலி. எங்கப்பா வாங்கியாந்தது. இவரு இருந்ததெல்லாம் தோத்துட்டு, எங்க வூட்டு வாசப்படியில உக்காந்து ஓன்னு அழுதாரு. பாக்க சகிக்கல, குடுத்துட்டேன்."

"இத்தினி வருஷமா நீங்க சொல்லவே இல்லியா?"

"சொல்லிக்கட்டும்னு வுட்டுட்டேன். உங்களுக்கு வேணுமா? அவரு அழுதாரு, குடுத்தேன். நீங்களும் அழுங்க, குடுக்கறேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "இந்தா, வந்துடுச்சு! வச்சுக்குங்க" என்று அவர் என் விரல்களை மடக்கிக் கோலியின்மேல் மூடினார். ஒரு கீறல் இல்லாமல் அது என்னுடையதாகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் சம்பந்தியைப் பார்த்தேன். காலி மோதிரப் பெட்டியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அவ்வளவு பெரிய மனிதர் அப்படி நின்றதைப் பார்த்து, மூடிய விரல்களை விரித்தேன்.

"உங்க கணக்குப்படி அழுதவங்களுக்குத்தானே சம்பந்தியம்மா?" என்று சொல்லி, கோலியை அந்தப் பெட்டிக்குள் வைத்தேன். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் எனக்கு அழுகை வந்தது. அது கோலிக்காகத்தான், வேறொன்றுக்கும் இல்லை.

போன வாரம் அங்கே போயிருந்தபோது, மருமகனின் ஆபீஸ் நண்பர்கள் வந்திருந்தார்கள். பெட்டி வெளியே வந்தது. "ஏழாவது படிக்கறப்ப அடிச்சது. ஒரே..." என்று தொடங்கியவர் என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அடுப்படியில் கரண்டிச் சத்தமும் நின்றது. நான் கோலி பார்க்கிறவள் என்று கேள்விப்பட்டிருந்த ஒரு பையன், "நீங்க சொல்லுங்க ஆன்ட்டி, உண்மையாவே அடிச்சு ஜெயிச்சதா?" என்று கேட்டான்.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். அவசரமே இல்லாமல் உருட்டிப் பார்த்தேன்.

"ஆமாம்பா, செம அடி" என்றேன். "இங்க பாரு, எம்மாம் பெரிய பிறை."